விஸ்பி கவசம் வாங்கலாமா? மத்தியகாலப் போர் மீள்நடிப்பில் துல்லியத்தை எங்கே வைப்பது

1361 ஜூலை 27. ஸ்வீடனுக்குக் கிழக்கே பால்டிக் கடலில் இருக்கும் காட்லாந்து தீவு. விஸ்பி நகரத்தின் மதிலுக்கு வெளியே, டென்மார்க் அரசன் நான்காம் வால்டெமாரின் படை அந்தத் தீவின் விவசாயிகளை வெட்டிச் சாய்த்தது. நல்ல வெயில் காலம், பிணங்கள் சீக்கிரமே அழுகத் தொடங்கியிருக்கும். செத்தவன் உடம்பிலிருந்து கவசத்தை உருவிக்கொள்வதுதான் அக்காலத்து வழக்கம். இங்கே பலரை அப்படியே குழியில் தள்ளி மூடிவிட்டார்கள். 1905இல் தொடங்கி 1930 வரை விட்டுவிட்டுத் தோண்டியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளும், சுமார் 25 உடற்கவசங்களும், சின்ன இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சுமார் 200 வளையத் தலைமூடிகளும் கிடைத்தன. பெங்ட் தோர்டெமன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் 1939இல் அதையெல்லாம் படமும் அளவுமாகப் பெரிய நூலாக வெளியிட்டார்.

அந்த நூலால் வந்த வினை இது: இன்றைக்குப் பழைய போர்களை வேஷம் கட்டி நடத்திக் காட்டும் எந்த மீள்நடிப்பு விழாவுக்குப் போனாலும் பத்தில் நாலு பேராவது விஸ்பி கவசம் போட்டிருப்பது போலத் தோன்றும். துணி அல்லது தோலின் உள்பக்கம் இரும்புத் தகடுகளை வரிசையாக வைத்து ரிவிட் அடித்தால் கவசம் தயார். சுத்தியல் வேலை குறைவு, விலை குறைவு, தொப்பை இருந்தாலும் பொருந்தும். பிரெஞ்சுப் பிரபுவாக வருகிறவரும் அதைப் போடுகிறார், ஆங்கில வில்லாளியும் அதைப் போடுகிறார். செத்துப்போன காட்லாந்து விவசாயியின் கவசம், அதிலும் சில அந்தக் காலத்திலேயே பழைய மாடலாக இருந்திருக்கும் என்று கருதப்படுபவை, எப்படி எல்லாருக்கும் பொதுவானது? மண்ணுக்கடியிலிருந்து மொத்தமாகக் கிடைத்தது அதுதான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

நான் இங்கிலாந்தில் சில வருஷமாக வார இறுதிகளில் 14ஆம் நூற்றாண்டுக் காலாளாக வேஷம் கட்டுகிறேன். புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கவசம் வாங்கலாம்?" அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில், துல்லியம் எதில் வேண்டும் என்று தெரிய வேண்டும். பொருளிலா, தோற்றத்திலா, சண்டை போடும் விதத்திலா? மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதை நான் இதுவரை பார்த்ததில்லை. ஏதாவது ஒன்றை நிச்சயம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது எஸ்.சி.ஏ. (Society for Creative Anachronism) என்ற அமைப்பு. 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டுத் தோட்டத்து விருந்தாகத் தொடங்கியது. இங்கே வாள் என்பது பிரம்பு. நம் பள்ளிக்கூடத்து வாத்தியார் வைத்திருந்த அதே பிரம்புதான், ஒன்றேகால் அங்குலத் தடிமனில், டேப் சுற்றி. அடி முழு வேகத்தில் விழும். எல்லாரும் வளையக் கவசம் போட்டிருப்பதாகப் பாவித்துக்கொண்டு, அடி போதுமான பலத்தில் விழுந்ததா என்பதை அடி வாங்கியவரே நேர்மையாகச் சொல்ல வேண்டும். உடைக்கு அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனை, 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய ஆடைபோலத் தெரிய ஒரு முயற்சியாவது இருக்க வேண்டும் என்பது மட்டுமே. ஆகவே வைக்கிங், சாமுராய், மறுமலர்ச்சிக்கால வெனிஸ் பெண்மணி எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கேலிக்காகச் சொல்லவில்லை. அங்கேயே கையால் நூற்று, கையால் நெய்து, தாவரச் சாயம் போட்டு உடுத்துகிற தீவிரமானவர்களும் இருக்கிறார்கள். சேருவதற்குத் தடை குறைவு, நட்பு அதிகம். ஆனால் துல்லியம் முழுக்க உங்கள் சொந்தப் பொறுப்பு, யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது புஹுர்ட். மழுங்கிய எஃகு ஆயுதம், முழுக் கவசம், ஐந்துக்கு ஐந்து என்று அணி கட்டி மரவேலிக்குள் மோதுவார்கள். கீழே விழுந்தவன் அவுட். உடைக்கும் கவசத்துக்கும் ஆதாரம் காட்ட வேண்டும் என்று விதி உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஓவியம் உயிர் பெற்றது போலத்தான் இருக்கும். பக்கத்தில் போனால், தகடு கெட்டிப்படுத்திய ஸ்பிரிங் ஸ்டீல், சிலரிடம் டைட்டானியம், தலைக்கவசத்துக்குள்ளே ஃபோம். ஆயுத முனையால் குத்துவது தடை. பிடரி, முழங்கால் பின்புறம், பாதம் தடை. காரணம் நியாயமானது, செத்துப்போவார்கள். ஆனால் உண்மையான கவசச் சண்டையின் உயிரே குத்துதான். 1400களின் தொடக்கத்தில் இத்தாலிய ஆசான் ஃபியோரே தெ லிபேரி எழுதிவைத்த பாடங்களில், கவசம் போட்டவனை வாளால் ஓங்கி வெட்டுவது முதன்மையான வழியே இல்லை. வாளின் நடுவில் இடதுகையால் பிடித்து ஈட்டிபோல ஆக்கி, முகமூடியின் இடைவெளி, அக்குள், உள்ளங்கை என்று தேடிக் குத்துவார்கள், பிறகு கட்டிப்பிடித்து வீழ்த்துவார்கள். புஹுர்ட்டில் கட்டிப்பிடித்து வீழ்த்துவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது நல்ல விளையாட்டு, நல்ல உடற்பயிற்சியும்கூட. சண்டை அப்படித்தான் நடந்தது என்று மட்டும் யாரும் நம்பிவிடக் கூடாது.

ஃபியோரே சொன்னதை அப்படியே செய்துபார்க்க வேண்டுமென்றால், பழைய ஐரோப்பியச் சண்டைக் கலைகளைச் சுவடிகளிலிருந்து பயிலும் ஹெமா குழுவுக்குப் போங்கள். லீட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஐ.33 என்ற சுவடி, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பாதிரியார் மாணவனுக்கு வாளும் சின்னக் கேடயமும் கற்றுக்கொடுப்பதைப் படம் படமாகக் காட்டுகிறது. அதை வைத்து ஒரே அசைவை மாதக்கணக்கில் விவாதிக்கிறவர்களை அங்கே பார்க்கலாம். போட்டிருப்பதோ வலைக்கம்பி முகமூடி, செயற்கை இழை ஜாக்கெட், டிராக் பேன்ட். சண்டை அசல், ஆடை ஒரு ஜிம். உங்களுக்கு வாள்தான் முக்கியம், துணியைப் பற்றிக் கவலை இல்லையென்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், ஹெமாவே போதும். செலவும் குறைவு.

நான்காவது, வாழும் வரலாறு என்று சொல்லிக்கொள்ளும் குழுக்கள். போலந்தில் கிருன்வால்ட், இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ், டூக்ஸ்பரி என்று பழைய போர்க்களங்களில் வருஷா வருஷம் கூடாரம் போடுகிறவர்கள் இவர்கள். பகலில் பொதுமக்கள் முன்னால் போர், மற்ற நேரமெல்லாம் சமையல், தையல், கவசத்துக்கு எண்ணெய் போடுவது. அசலுக்கு மிக நெருக்கமான பொருள் இங்கேதான். சண்டைதான் மூன்றில் பலவீனமானது. வெட்டும் இடம், வேகம் எல்லாம் கட்டுப்பாடு, பல குழுக்களில் தலையில் அடிக்கக் கூடாது, விழுகிறவன் தானாக விழுவான். விஸ்பி எலும்புகளில் வெட்டுக்காயம் மிக அதிகமாக இருப்பது முழங்காலுக்குக் கீழே. கேடயம் மறைக்காத, கவசம் குறைந்த இடம் அதுதான். நாங்கள் விஸ்பி கவசம் போட்டுக்கொண்டு அந்த இடத்தை மட்டும் தொடாமல் சண்டை போடுகிறோம். இதைப் பார்வையாளர்களிடம் நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன்.

எனக்கு இந்த நான்காவது வழிதான். காரணம் எளிது. அடி வாங்காமல் சண்டையைத் துல்லியமாகச் செய்ய முடியாது. துணியையும் தோலையும் இரும்பையும் துல்லியமாகச் செய்ய முடியும். செய்ய முடிந்ததைச் செய்வோமே என்பதுதான் என் கணக்கு. அப்புறம், கூடாரத்தில் மாலை நேரம். அதை மற்ற மூன்றும் எனக்குத் தரவில்லை.

சரி, நான்காவது வழி என்று முடிவாகிவிட்டால் இரண்டாவது கேள்வி: யார்? "மத்தியகாலம்" என்பது ஆயிரம் வருஷம். ஒரு வருஷம், ஒரு ஊர், ஒரு அந்தஸ்து என்று சுருக்கிக்கொள்ளாமல் ஒரு பொருளும் வாங்காதீர்கள். 1250இன் தலைக்கவசம், 1361இன் உடற்கவசம், 1460இன் இத்தாலியக் கைக்கவசம், மூன்றும் தனித்தனியாக அருங்காட்சியகத் தரத்தில் இருந்தாலும் ஒரே ஆள் மேல் ஏறினால் அது கதம்பம். அந்தஸ்து இன்னும் கறாராகப் பார்க்கப்படும். ஏழைக் காலாளுக்கு வெள்ளி பூசிய இடுப்புப்பட்டை ஆகாது.

இப்போது ஆதாரம். கல்லறைச் சிற்பங்களும் பித்தளைத் தகட்டு உருவங்களும் மேல் அடுக்கை மட்டும்தான் காட்டும். உள்ளே என்ன, முதுகில் எப்படிக் கட்டியிருந்தார்கள் என்பதெல்லாம் ஊகம். சுவடி ஓவியங்கள் இன்னும் அழகு, இன்னும் ஆபத்து. நியூயார்க் மோர்கன் நூலகத்தில் இருக்கும் 13ஆம் நூற்றாண்டுப் பட விவிலியத்தில் சவுலும் தாவீதும் பிரெஞ்சு வீரர்கள்போல வளையக் கவசத்தில் வருகிறார்கள். நமக்கு அது வரம். ஆனால் சுவடிகளில் வில்லன்களுக்கு ஓவியர்கள் கொடுக்கும் விசித்திரப் பொருளை அப்படியே நம்பிச் செய்தால் மாட்டிக்கொள்வோம். தோல்மேல் குமிழ் குமிழாக ஆணி அடித்த "ஸ்டடட் லெதர்" கவசம் என்று விளையாட்டுகளில் வருகிறதே, அதன் கதையும் ஏறத்தாழ இப்படித்தான். ஓவியத்தில் தெரியும் அந்தக் குமிழ்கள் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளைப் பிடித்திருக்கும் ரிவிட்டுகளின் தலைகள். தகட்டைப் பார்க்காமல் ரிவிட்டை மட்டும் பார்த்தவர்கள் ஒரு புதுக் கவசத்தையே உண்டாக்கிவிட்டார்கள்.

நான் முதலில் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு வளையக் கவசம் வாங்கினேன். வளையங்களின் முனைகளை வெறுமனே ஒட்டவைத்து வளைத்திருந்தார்கள், ரிவிட் கிடையாது. முதல் நாள் சண்டையிலேயே வாய் திறந்துகொண்டு, நான் நடந்த வழியெல்லாம் புல்லில் வளையம் வளையமாகக் கிடந்தது. குழுவில் துல்லியத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பொறுக்கி என் கையில் கொடுத்தார். ஐரோப்பாவில் அந்தக் கால வளையங்கள் ரிவிட் அடித்தவை, அல்லது ஒரு வரிசை ரிவிட்டும் ஒரு வரிசை முழு வளையமுமாக மாற்றி மாற்றிக் கோத்தவை. முட்டிக்கு மேல் வரை வரும் ஒரு சட்டைக்கு இருபதாயிரத்துக்கும் மேல் வளையம் ஆகும், எடை பத்துக் கிலோவைத் தாண்டும். இன்று உலகம் முழுக்க விற்கும் ரிவிட் வளையக் கவசத்தில் பெரும்பகுதி இந்தியாவில் செய்யப்பட்டு வருகிறது. பெரும்பாலும் 8, 9 மில்லிமீட்டர் உள்விட்டம், அசல்கள் பலவற்றைவிடக் கொஞ்சம் பெரிய வளையம். இந்த வித்தியாசத்தோடு நான் சமாதானம் ஆகிவிட்டேன். ரிவிட் இல்லாததோடு சமாதானம் ஆக முடியாது, ஏனென்றால் அது கண்ணுக்கு மட்டும் தப்பில்லை, வேலையும் செய்யாது.

அந்தப் பணத்தில் நான் முதலில் துணி வாங்கியிருக்க வேண்டும். புதியவர்களோடு நான் மல்லுக்கட்டுவதும் இந்த இடத்தில்தான். கவசத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் உள்ளே ஜீன்ஸ் போட்டிருப்பார்கள். கவசத்தின் எடை உடம்பில் எங்கே உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே உள்ளாடை. 14ஆம் நூற்றாண்டில் காலுறை என்பது இரண்டு தனித்தனிக் கால்கள், கயிற்றால் மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். தொடைத் தகடும் உடம்போடு ஒட்டிய உள்சட்டையில் கயிறு போட்டுத்தான் தொங்கும். ஜீன்ஸ் பெல்ட்டில் மாட்டினால் பத்து நிமிஷத்தில் முட்டிக்கு இறங்கிவிடும். 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 15ஆம் நூற்றாண்டு மாதிரிக் கவசங்களை ஆட்களுக்கு மாட்டி டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். நடக்க ஆகும் சக்தி இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. அதே எடையை முதுகில் சுமப்பதைவிட இது மோசமாக இருக்க முக்கியக் காரணம், எடையில் ஒரு பகுதி கால்களில் தொங்குவது. அந்தக் கால்கள் இறுக்கமாகத் தொங்காவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

துணிக்கு ஆதாரம் நிறைய இருக்கிறது என்பது இன்னொரு நல்ல செய்தி. ஸ்வீடனில் 1936இல் சதுப்பு நிலத்தில் அகப்பட்ட பாக்ஸ்டன் மனிதன் 14ஆம் நூற்றாண்டுக் கம்பளி அங்கி, மேலாடை, நீண்ட வால் வைத்த முக்காடு எல்லாவற்றோடும் கிடந்தான். யாரோ அவனைக் கொன்று, நெஞ்சில் கட்டை அடித்துப் புதைத்திருந்தார்கள். கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறையில் 1921இல் உறைமண்ணிலிருந்து எடுத்த ஆடைகளில் எந்தத் தையலை எப்படிப் போட்டார்கள் என்பது வரை தெரிகிறது. பிரான்சில், 1364இல் ஓரே (Auray) என்ற ஊரில் நடந்த போரில் செத்த ஷார்ல் த ப்ளுவாவுடையது என்று சொல்லப்படும் மெத்தைச் சட்டை லியோன் நகரில் இருக்கிறது. அதன் கைக்குழி மார்பு, முதுகு வரை அகலமாக வெட்டப்பட்டது. அந்த வெட்டில் தைத்துப் போட்டுக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள், சட்டையின் கீழ்விளிம்பு மேலே ஏறாது. இன்றைய சட்டை மாதிரி வெட்டினால் கவசம் முழுக்க கையோடு சேர்ந்து எழும்பும். துல்லியம் வேலை செய்கிறது என்று நான் முதன்முதலில் உடம்பால் உணர்ந்தது அந்தச் சட்டையில்தான்.

உள்ளே லினன், வெளியே கம்பளி. பாலியஸ்டர் கலந்த கம்பளி விலை குறைவு என்று வாங்காதீர்கள். கூடாரத்தில் நெருப்பு இருக்கும், ஒரு பொறி பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும், சுத்தக் கம்பளி கருகுவதோடு நின்றுவிடும். மெத்தைச் சட்டையின் உள்ளே பஞ்சு வைக்கலாமா என்று நம்மவர் ஒருவர் தயங்கிக்கொண்டே கேட்டார், பருத்தி நம் ஊர்ப் பொருளாயிற்றே, அங்கே ஏது என்று. தாராளமாக வைக்கலாம். அந்தச் சட்டைக்கு அக்கெட்டன் என்று ஒரு பெயர், அந்தச் சொல்லே பருத்தியைக் குறிக்கும் அரபுச் சொல்லான "அல்-குத்ன்" வழியாக வந்தது. வெளித்துணிக்குத்தான் லினன். எல்லாத் தையலையும் கையால் போட வேண்டுமா என்றால், வேண்டாம். உள்ளே மறையும் நீளத் தையலை மெஷினில் ஓட்டிவிட்டு, விளிம்பு, பொத்தான் துளை எல்லாம் கையால் முடியுங்கள். தையல் தெரிந்தவர் யாராவது உங்கள் பொத்தான் துளையைக் கட்டாயம் பார்ப்பார்.

அடுத்து செருப்பு. உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துப் பிறகு திருப்பும் மெல்லிய தோல் காலணி அது. ஈரப் புல்லில் வழுக்கும். நானே பார்வையாளர்கள் முன்னால் மல்லாந்திருக்கிறேன். பலர் இந்த ஒரு விஷயத்தில் டிரெக்கிங் ஷூவுக்குப் போய்விடுகிறார்கள். நான் போகவில்லை, உள்ளே மறைவாக ஒரு ரப்பர் அட்டை மட்டும் வைத்திருக்கிறேன். பாதம் நோகாது, வழுக்கலுக்கு அது ஒன்றும் செய்யாது. ஈரத்தில் அடியை ஊன்றாமல் குறுக்கி வைத்து நடக்கப் பழகிக்கொண்டேன்.

பாதுகாப்புக்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு: வாளின் விளிம்பு, தலைக்கவசத்தின் உள்பக்கம், விரல்கள். வாள் விளிம்பு உருண்டையாக, முனை மழுங்கலாக இருந்தே ஆக வேண்டும், குழுவின் காப்பீடும் அதைக் கேட்கும். தலைக்கவசத்துக்குள் அசல்படி பஞ்சு வைத்துத் தைத்த லினன் உறை போதும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு, நான் அதற்கு அடியில் ஃபோம் வைப்பவன். கைதான் சிக்கல். எங்கள் சண்டையில் அதிகம் உடைவது விரல், ஆனால் நான் வேஷம் கட்டும் அந்தஸ்தில் எல்லாரிடமும் இரும்புக் கைக்கவசம் இருந்திருக்காது. தோல் கையுறைக்குள் நவீனத் திணிப்பு வைத்து வீங்கிய கையோடு நிற்பதைவிட, என் ஆளை அந்தஸ்தில் ஒரு படி ஏற்றிவிட்டேன். இப்போது அவன் கொஞ்சம் நிலம் உள்ளவன், அதனால் அவனிடம் தகட்டுக் கைக்கவசம் உண்டு. விஸ்பி குழிகளிலேயே அப்படிப்பட்டவை கிடைத்திருக்கின்றன. பாதுகாப்புக்காக ஆளின் கதையை மாற்றலாம், ஆனால் மாற்றியபின் அவனுடைய இடுப்புப்பட்டை, கத்தி உறை எல்லாவற்றையும் அதே படிக்கு ஏற்ற வேண்டும். அதற்கு இன்னொரு வருஷம் ஆயிற்று.

ஆகவே விஸ்பி கவசம் வாங்கலாமா? உங்கள் ஆள் 1350, 60களில் வடக்கு ஐரோப்பாவில் நிற்கிறான் என்றால் வாங்குங்கள், தோர்டெமனின் படங்களில் ஒரு குறிப்பிட்ட கவசத்தைத் தேர்ந்தெடுத்து அதன் தகடு எண்ணிக்கைப்படி செய்யச் சொல்லுங்கள், "விஸ்பி மாதிரி" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பிரெஞ்சுப் பிரபு என்றால் அந்தக் கடைப்பக்கமே போக வேண்டாம். முதல் வருஷம் லினன் உள்ளாடை, காலுறை, கம்பளி அங்கி, முக்காடு, காலணி. இரண்டாம் வருஷம் மெத்தைச் சட்டையும் தலைக்கவசமும் கைக்கவசமும். அந்த அளவில் பல குழுக்கள் உங்களைக் களத்தில் இறக்கிவிடும். வாளும் கேடயமும் குழுவில் யாரிடமாவது கூடுதலாக இருக்கும், கேட்டால் தருவார்கள். என் விஸ்பி கவசம் நான்காம் வருஷம்தான் வந்தது. பழைய வளையக் கவசத்தின் மிச்சம் ஒரு டப்பாவில் இருக்கிறது. விழாவுக்கு வரும் சிறுவர்கள் யாராவது கேட்டால் ஆளுக்கு ஒரு வளையம் கொடுத்து, முனையை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.